ஒன்பதாவது இன்னிங்ஸ் சோரியா: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மெக்ஸிகோ பேஸ்பால் பத்தி எழுதுறப்போ ஹோவாகிம் சோரியா பேரை ஒரே ஒரு இடத்துல சொல்லிட்டுப் போயிருந்தேன். யாரு அவரு, என்ன செஞ்சாரு, ஏன் அவ்ளோ உசத்தியா எழுதினீங்கன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதனால இந்த வாரம் பக்கம் முழுக்க அவருக்கே. எனக்கு ரொம்பப் பிடிச்ச ரிலீஃப் பிட்சர் (பிட்சர்னா பேஸ்பால்ல பந்து போடுறவரு), கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

கேள்வி: சார், நாங்கெல்லாம் கிரிக்கெட் மட்டும் பாக்குற கூட்டம். ரிலீஃப் பிட்சர்னு சொல்றீங்களே, அது சப்ஸ்டிட்யூட் மாதிரியா? மெயின் ஆளு டயர்டு ஆனா வர்றவரா? (நாகர்கோவில் வாசகர்)

ஆரம்ப காலத்துல நீங்க சொல்றதுதான் நிஜம். ஆட்டத்தை ஆரம்பிக்கிற பிட்சர் ஒன்பது இன்னிங்ஸும் அவரே போடுவாரு, அவரு கை ஓஞ்சாலோ அடி வாங்கினாலோ மட்டும்தான் இன்னொருத்தர் வருவாரு. இப்ப அப்படி இல்ல. ஸ்டார்ட்டர் அஞ்சு, ஆறு இன்னிங்ஸ் போட்டுட்டு உக்காந்துருவாரு, மீதியை புல்பென்ல (கையைச் சூடு பண்ணிக்கிட்டுக் காத்திருக்கிற இடம்) இருந்து வர்ற ரிலீஃப் பிட்சருங்க பங்கு போட்டுக்குவாங்க. அதுலயும் கடைசி இன்னிங்ஸ் போடுறவருக்கு க்ளோசர்னு தனிப் பேரு. கிரிக்கெட்ல ஆறு ரன் மட்டும் கையில வச்சுக்கிட்டு கடைசி ஓவர் போடுற பௌலரை நெனச்சுப் பாருங்க, வருஷத்துக்கு அறுபது தடவை அதே வேலை, அதுதான் க்ளோசர்.

அந்த வேலையை அளக்கிற கணக்குக்குப் பேரு சேவ். டீம் மூணு ரன்னோ அதுக்குக் கம்மியாவோ முன்னாடி இருக்கிறப்போ உள்ள வந்து, ஒரு இன்னிங்ஸாவது போட்டு, லீடை விடாம ஆட்டத்தை முடிச்சா ஒரு சேவ். இன்னும் ரெண்டு மூணு வழி இருக்கு, பெரும்பாலும் நடக்கிறது இதுதான். சிகாகோல ஜெரோம் ஹோல்ட்ஸ்மன்னு ஒரு பத்திரிகையாளர், ரிலீஃப் பிட்சருங்க உழைப்பு ஸ்கோர் கார்டுல எங்கயுமே தெரியலையேன்னு இந்தக் கணக்கைக் கொண்டு வந்தாரு, 1969ல மேஜர் லீக், அதாவது அமெரிக்காவோட உச்சக்கட்ட பேஸ்பால் லீக், இதை அதிகாரபூர்வமா எடுத்துக்கிச்சு. சோரியாவோட மொத்த சேவ் 229. மெக்ஸிகோல பொறந்த எந்த பிட்சரும் மேஜர் லீக்ல இத்தனை எடுத்தது கிடையாது.

கேள்வி: சோரியாவுக்குச் சொந்த ஊரு எது? சின்ன வயசுலயே அமெரிக்கா போயிட்டாரா? (திண்டுக்கல் வாசகி)

மோன்க்லோவா. வடக்கு மெக்ஸிகோல கோவாவிலா மாநிலத்துல இருக்கிற இரும்பு ஆலை ஊரு. அந்த ஊரு டீமுக்குப் பேரே அசெரெரோஸ், உருக்கு ஆலைக்காரங்கன்னு. மெக்ஸிகோன்னா ஃபுட்பால்தானேன்னு நாம நெனச்சுக்கிறோம், ஆனா வடக்கு மாநிலங்கள் பக்கம், சொனோரா, சினலோவா, கோவாவிலா எல்லாம் பேஸ்பால் ஊறிப்போன மண்ணு. 1984 மே 18ல அந்த ஊர்ல பொறந்தாரு சோரியா.

பதினேழு, பதினெட்டு வயசுலயே லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரை ஒப்பந்தம் பண்ணிட்டாங்க. மெக்ஸிகோ பையனுக்கு டாட்ஜர்ஸ்ன்னா அது வேற லெவல், ஏன்னா சொனோரா கிராமத்துல இருந்து வந்த ஃபெர்னாண்டோ வலென்சுவெலா 1981ல அந்த டீமுக்கு ஆடித்தான் சிறந்த புதுமுகம், சை யங் (சிறந்த பிட்சர்) விருது ரெண்டையும் ஒரே வருஷத்துல வாங்கினாரு. ஆனா சோரியாவுக்கு அந்தக் கதை நடக்கல. 2003ல முழங்கை தசைநார் போயி டாமி ஜான் ஆபரேஷன், 2004ல டாட்ஜர்ஸ் வேண்டாம்னு விடுவிச்சுட்டாங்க. இருபது வயசு, கையில தையல் தழும்பு, வேலை கிடையாது, நேரா ஊருக்குத் திரும்பி மெக்ஸிகோ சிட்டி டீமான டியாப்லோஸ் ரோஹோஸ்ல சேர்ந்தாரு.

மெக்ஸிகோ சிட்டி கடல் மட்டத்துல இருந்து 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு. காத்து லேசு, அடிச்ச பந்து ரொம்ப தூரம் பறக்கும், கர்வ் பால் சரியா வளையாது. பேட்ஸ்மேனுக்குக் கொண்டாட்டம், பிட்சருக்கு நரகம். வேகத்தை மட்டும் நம்பி அங்க பொழைக்க முடியாது, பந்தை நெனச்ச இடத்துல போடணும். பின்னாடி சோரியாகிட்ட இருந்த அந்தக் கட்டுப்பாட்டுக்கு மெக்ஸிகோ சிட்டியும் ஒரு காரணம்னு நான் நம்புறேன்.

கேள்வி: டாமி ஜான் ஆபரேஷன்னு அடிக்கடி படிக்கிறேன், அது யாரு பேரு? கையை வெட்டி என்னதான் பண்றாங்க? (புதுச்சேரி வாசகர்)

டாமி ஜான்ங்கிறவரு டாட்ஜர்ஸ்ல ஆடின இடது கை பிட்சர். 1974ல அவரு முழங்கைக்கு உள்பக்கம் இருக்கிற தசைநார் அறுந்துபோச்சு. அதுவரைக்கும் அது அறுந்தா பிட்சரோட ஆட்டம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். டாக்டர் ஃப்ராங்க் ஜோப் என்ன பண்ணாருன்னா, இன்னொரு கையில மணிக்கட்டுப் பக்கத்துல இருந்து பெருசா பயன்படாத ஒரு தசைநாணை எடுத்து, முழங்கை எலும்புல துளை போட்டு அதுக்குள்ள நுழைச்சுக் கட்டி, அறுந்த தசைநாருக்குப் பதிலா வச்சாரு. திரும்பி ஆட நூத்துல ஒரு வாய்ப்புன்னுதான் டாக்டரே சொன்னாரு. ஜான் 1976ல திரும்பி வந்து அதுக்கப்புறம் 164 ஆட்டம் ஜெயிச்சாரு. அதுல இருந்து அந்த ஆபரேஷனுக்கு அவரு பேரே நிலைச்சிருச்சு.

இப்ப அது சர்வ சாதாரணம், ஆனா வலியோ காத்திருப்போ சாதாரணம் இல்ல. பந்தைத் திரும்பத் தொடவே மாசக்கணக்கு ஆகும், ஆட்டத்துக்கு வர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். சோரியா இதை ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை பண்ணிக்கிட்டாரு, 2003ல ஒண்ணு, 2012ல ஒண்ணு. ரெண்டாவது ஆபரேஷனுக்கு அப்புறம் திரும்பி வந்து நல்லா போடுறவங்க ரொம்பக் கம்மி, இவரு அதுக்கப்புறம் ஒன்பது சீசன் ஆடினாரு.

கேள்வி: அண்ணே, ராயல்ஸ் இவரை ஓசில தூக்கிட்டு வந்தாங்கன்னு எங்கயோ படிச்சேன், அப்படியெல்லாம் இன்னொரு டீம் ஆளைத் தூக்க முடியுமா? (கோயம்புத்தூர் வாசகர்)

ஓசி இல்ல தம்பி, 50,000 டாலர். ஆனா மேஜர் லீக் கணக்குல அது ஓசி மாதிரிதான்.

விஷயம் இதுதான். 2005 கடைசில சான் டியேகோ பாட்ரேஸ் சோரியாவை டியாப்லோஸ்கிட்ட இருந்து வாங்கினாங்க, 2006ல அமெரிக்காவுல கீழ்மட்ட லீக்ல, ஃபோர்ட் வெய்ன்ல, ரொம்பக் கொஞ்ச இன்னிங்ஸ்தான் போட்டாரு. அவ்ளோ தூரம் கீழ இருக்கிற ஆளை யாரு கவனிக்கப் போறாங்கன்னு பாட்ரேஸ் அவரை 40 பேர் பட்டியல்ல சேர்க்கல. அங்கதான் ரூல் 5 டிராஃப்ட் வருது. ஒரு டீம் தன்கிட்ட திறமையான பையங்களைப் பல வருஷம் கீழ்மட்டத்துலயே அடைச்சு வச்சிரக் கூடாதுன்னு ஒரு விதி, குறிப்பிட்ட வருஷம் ஆனப்புறமும் அந்தப் பட்டியல்ல இல்லாத ஆளை டிசம்பர்ல வேற டீம் எடுத்துக்கலாம். ஆனா எடுத்தவங்க அடுத்த சீசன் முழுக்க மேஜர் லீக் டீம்லயே வச்சிருக்கணும், கீழ அனுப்பணும்னா முதல்ல பழைய டீமுக்குத் திருப்பிக் கொடுக்க முன்வரணும். அதனாலதான் இதுல வர்றவங்க பெரும்பாலானவங்க சீசன் முடியுற வரைக்கும் தாக்குப் பிடிக்க மாட்டாங்க.

2006 டிசம்பர்ல கேன்சாஸ் சிட்டி ராயல்ஸுக்கு ரெண்டாவது தேர்வு கிடைச்சுது, ஏன்னா அந்த வருஷம் 100 ஆட்டம் தோத்திருந்தாங்க, தொடர்ந்து மூணாவது வருஷமா 100 தோல்வி. அவங்க எடுத்தது சோரியாவை. (அதுக்கு அடுத்து மூணாவதா போனவரு ஜாஷ் ஹாமில்டன், பின்னாடி 2010ல அமெரிக்கன் லீக் எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர் ஆனவரு; மேஜர் லீக்ல அமெரிக்கன், நேஷனல்னு ரெண்டு பிரிவு. ரூல் 5ல ஒரே வருஷம் இப்படி ரெண்டு பேரு அடுத்தடுத்து வந்தது ஆச்சரியம்தான்.) அந்த டிராஃப்ட் முடிஞ்சு ரெண்டே நாள்ல, சோரியா மெக்ஸிகோ பசிஃபிக் லீக்ல யாக்கிஸ் டி ஒப்ரெகோன் டீமுக்கு ஸ்டார்ட்டரா இறங்கி பெர்ஃபெக்ட் கேம் போட்டாரு. 27 பேர் வந்தாங்க, 27 பேரும் அவுட்டு, ஒருத்தர்கூட முதல் பேஸைத் தொடல (பேஸ்னா பேட்ஸ்மேன் ஓடித் தொட வேண்டிய இடம், நாலையும் சுத்தி வந்தா ஒரு ரன்). அந்தச் செய்தி கேட்டப்போ பாட்ரேஸ் ஆபீஸ்ல இருந்தவங்க மூஞ்சியை நான் அடிக்கடி நெனச்சுப் பாப்பேன்.

2007 ஏப்ரல் 4ல மேஜர் லீக்ல முதல் ஆட்டம். ராயல்ஸுக்கு அப்ப க்ளோசர் ஆக்டேவியோ டோடெல், அவருக்கு அடிபட்டதால நடுவுல சோரியா அந்த வேலையைப் பாத்தாரு, ஜூலை கடைசில டோடெலை அட்லாண்டாவுக்கு அனுப்பினதும் ஒன்பதாவது இன்னிங்ஸ் முழுசா இவரு கைக்கு வந்துருச்சு. அந்த வருஷம் 17 சேவ், ஈஆர்ஏ 2.48. அதாவது ஒன்பது இன்னிங்ஸ் போட்டா சராசரியா ரெண்டரை ரன்தான் கொடுப்பாருன்னு கணக்கு.

கேள்வி: அவரு பந்து அவ்ளோ வேகம் கிடையாதாமே, அப்புறம் எப்படி க்ளோசர்? (சேலம் வாசகர்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

க்ளோசர்னா 160 கிலோமீட்டர் வேகம், முறைப்பு, மீசை, உறுமல்னு ஒரு பிம்பம் இருக்கு. சோரியா ஃபாஸ்ட் பால் 145, 148 கிலோமீட்டர்தான், மேஜர் லீக்ல அது சராசரி. முகத்துல ஒரு சலனமும் இருக்காது. நிதானமா காலைத் தூக்குவாரு, கையைப் பின்னாடி கொண்டு போறப்போ பந்து உடம்புக்குப் பின்னாடியே ஒளிஞ்சிருக்கும், பேட்ஸ்மேனுக்குக் கடைசி நொடியிலதான் கண்ணுல படும். பிட்சர் நிக்கிற மவுண்டுல இருந்து பேட்ஸ்மேன் நிக்கிற பிளேட்டுக்கு பதினெட்டரை மீட்டர் கூட இல்ல, ஃபாஸ்ட் பால் வந்து சேர அரை செகண்ட் கூட ஆகாது, அதுல பந்து தாமதமா தெரிஞ்சா 148ங்கிறது 155 மாதிரி இருக்கும். அதைச் சரியா கேட்சர் கிளவுஸ் வச்ச மூலையில, முட்டி உயரத்துல, உள்பக்கமோ வெளிப்பக்கமோ கோடு ஒட்டிப் போடுவாரு. ஒரு ஸ்ட்ரைக் (மூணு ஆனா பேட்ஸ்மேன் அவுட்டு). மறுபடி அதே இடம், ரெண்டு ஸ்ட்ரைக். இப்ப பேட்ஸ்மேன் சீக்கிரமா பேட்டை எடுக்கணும்னு பரபரப்பா நிக்கிறாரு, அப்பத்தான் அதே கை அசைவுல அந்த மெதுவான கர்வ் வரும், 110 கிலோமீட்டர் பக்கம், சில நேரம் அதுக்கும் கீழ. தலைக்கு மேல போறாப்ல கிளம்பி, நடுவுல ஒரு வினாடி நின்னு யோசிக்கிறாப்ல இருந்துட்டு, முட்டிக்கிட்ட வந்து விழும். பேட்ஸ்மேன் முட்டி மடங்கிரும், பேட்டு தோள்லயே இருக்கும், அம்பயர் கையைத் தூக்கிருவாரு.

நாப்பது கிலோமீட்டர் வித்தியாசம், ஒரே கை அசைவு. அதுதான் மொத்த ரகசியமும். கூடவே ஸ்லைடரும் சேஞ்ச் அப்பும் இருந்துச்சு, பெரும்பாலான க்ளோசருங்க ரெண்டு வகை பந்தோட காலம் தள்ளுறப்போ இவரு நாலு வச்சிருந்தாரு, ஸ்டார்ட்டரா வளர்ந்ததோட பலன் அது.

கேள்வி: ராயல்ஸ் எப்பவும் தோக்குற டீமு, அதுல சேவ் எடுத்து என்ன பிரயோஜனம்? நீங்க ரொம்பத் தூக்கி வச்சுப் பேசுறீங்கன்னு தோணுது, தப்பா எடுத்துக்காதீங்க. (திருச்சி வாசகர்)

தப்பா எடுத்துக்க ஒண்ணுமே இல்ல, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். நீங்க சொன்ன அந்தத் தோல்வியையே எடுத்துப் பாப்போம்.

2008ல ராயல்ஸ் ஜெயிச்சது 75 ஆட்டம். அதுல 42 ஆட்டத்துல கடைசி அவுட் எடுத்து சேவ் வாங்கினது சோரியா, ஈஆர்ஏ 1.60. 2010ல டீம் இன்னும் மோசம், 95 தோல்வி, ஜெயிச்சது 67 மட்டும். சோரியா சேவ் 43. கணக்குப் போட்டுப் பாருங்க, அந்த டீம் ஜெயிச்ச மூணு ஆட்டத்துல கிட்டத்தட்ட ரெண்டுல கடைசி பந்து இவரு கையில. 46 தடவை லீடைக் கையில கொடுத்தாங்க, 43 தடவை பத்திரமா கொண்டு போய் சேர்த்தாரு. லீக்லயே சிறந்தவங்களைப் பொறுக்கி எடுக்கிற ஆல் ஸ்டார் டீம்லயும் அந்த ரெண்டு வருஷமும் இருந்தாரு.

ஜெயிக்கிற டீமுக்கு ஒரு லீடு கைவிட்டுப் போனா நாளைக்கு இன்னொண்ணு வரும். ராயல்ஸுக்கு அப்படி இல்ல. நாலு நாளா தோத்துட்டு, அஞ்சாவது நாள் எப்படியோ ஒரு ரன் முன்னாடி வந்து, ஸ்டேடியத்துல பாதி சீட்டு காலியா, இருக்கிறவங்க எல்லாரும் இன்னைக்காவது ஜெயிச்சுட்டு வீட்டுக்குப் போகலாமான்னு உக்காந்திருக்கிறப்போ, புல்பென் கதவு திறந்து இவரு ஓடி வர்றாருன்னா அந்த ஜனங்களுக்கு அது எவ்ளோ பெரிய நிம்மதி! டேபிள்ல டீம் கடைசி இடம்னா ஒன்பதாவது இன்னிங்ஸ் பேட்ஸ்மேன் சுலபமாவா ஆடுவான்? அதே யாங்கீஸ், அதே ரெட் சாக்ஸ் பேட்ஸ்மேனுங்கதான் எதிர்ல. அஞ்சு வருஷம், 2007ல இருந்து 2011 வரைக்கும், 160 சேவ். அந்த அஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூட டீம் பாதி ஆட்டம் ஜெயிச்சது கிடையாது. அந்த அஞ்சு வருஷ ராயல்ஸ்ல வேற யாரை நம்பி ஒரு ரசிகர் நிம்மதியா உக்காந்திருப்பாருன்னு சொல்லுங்க பாப்போம்.

கேள்வி: அவருக்கு இருந்த பட்டப்பேரை வேண்டாம்னு சொல்லிட்டாராமே, ஏன்? (மதுரை வாசகி)

மெக்ஸிக்யூஷனர்னு ரசிகருங்க வச்ச பேரு அது, மெக்ஸிகோவையும் மரண தண்டனை நிறைவேத்துற ஆளுக்கான இங்கிலீஷ் வார்த்தையையும் சேர்த்தது. டீ ஷர்ட், பேனர்னு கேன்சாஸ் சிட்டி முழுக்க அது பரவிருச்சு. 2011 சீசனுக்கு முன்னாடி நடக்கிற வசந்தகாலப் பயிற்சி முகாம்ல, தயவுசெஞ்சு இந்தப் பேரை விட்டுருங்கன்னு சோரியாவே கேட்டுக்கிட்டாரு. அந்த வருஷங்கள்ல மெக்ஸிகோல போதைக் கும்பல் சண்டையில ஆயிரக்கணக்குல ஜனங்க செத்துக்கிட்டு இருந்தாங்க, அவரு பொறந்த வடக்குப் பக்கம் அது ரொம்பக் கொடூரமா இருந்துச்சு. அந்த நேரத்துல கொலையை நினைவுபடுத்துற ஒரு பேரைப் போட்டுக்கிட்டு நிக்க அவருக்கு மனசு வரல.

எனக்கு அவரை இன்னும் பிடிச்சுப் போனது அங்கதான். காசு கொட்டுற பேரு அம்மா அது, விளையாட்டுக்காரங்க அதையெல்லாம் சுலபமா விடமாட்டாங்க. யாரையும் திட்டாம, ரசிகருங்க அன்பா வச்சதுதான்னு புரிஞ்சுக்கிட்டே வேண்டாம்னாரு.

கேள்வி: 2011க்கு அப்புறம் என்ன ஆச்சு? (ஈரோடு வாசகர்)

அந்த வருஷமே சறுக்க ஆரம்பிச்சுருச்சு. மே மாசக் கடைசில க்ளோசர் வேலையில இருந்து கொஞ்ச நாள் விலகி நின்னாரு, சீக்கிரமே திரும்பக் கிடைச்சுது, ஆனா பழைய சோரியா இல்ல, 28 சேவ் எடுத்தாலும் ஈஆர்ஏ 4.03. 2012 மார்ச்ல முழங்கை மறுபடி போச்சு, ரெண்டாவது ஆபரேஷன், அந்த சீசன் முழுக்க வீட்டுல. ராயல்ஸ் ஒப்பந்தத்தை நீட்டிக்கல. வேற டீம் தேடினப்போ, மரியானோ ரிவேரா க்ளோசரா இருக்கிற யாங்கீஸ்னா எட்டாவது இன்னிங்ஸ் போடவும் தயார்னு வெளிப்படையா சொன்னாரு, ரிவேரா அவருக்கு அவ்ளோ பெரிய ஆதர்சம். கடைசில டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் ரெண்டு வருஷத்துக்கு எடுத்தாங்க.

அப்புறம் பயணம்தான். டெக்ஸஸ், டெட்ராய்ட், பிட்ஸ்பர்க், மறுபடி கேன்சாஸ் சிட்டி, சிகாகோ வொய்ட் சாக்ஸ், மில்வாக்கி, ஓக்லண்ட், அரிசோனா, டொரோண்டோ. இதுல நாலு ஜூலை மாசத்துல நடந்த மாத்தல், பிளே ஆஃப் போற டீமுங்களுக்கு நம்பகமான கை வேணும்னா இவரைத்தான் கேப்பாங்க. 2021 சீசனோட ஓய்வு. மொத்தம் 773 ஆட்டம், ஈஆர்ஏ 3.11, 831 ஸ்ட்ரைக் அவுட்.

கேள்வி: உங்க ஹீரோவுக்கு ஒரு மோசமான நாள் கூடவா இல்ல? (சென்னை வாசகர்)

இருந்துச்சு, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. 2014 அக்டோபர் 3, பால்டிமோர், பிளே ஆஃப் ரெண்டாவது ஆட்டம். அப்ப டெட்ராய்ட் டைகர்ஸ்ல இருந்தாரு. எட்டாவது இன்னிங்ஸ், டைகர்ஸ் 6, ஓரியோல்ஸ் 4, ரெண்டு பேரு பேஸ்ல இருக்கிறப்போ சோரியா உள்ள வர்றாரு. ஜே.ஜே. ஹார்டிக்கு நாலு பாலு (நாலு தப்பான பந்து போட்டா பேட்ஸ்மேன் சும்மாவே முதல் பேஸுக்குப் போயிருவாரு), பேஸ் எல்லாம் நிறைஞ்சிருச்சு. அடுத்து டெல்மன் யங், மாத்தா வந்த பேட்ஸ்மேன். முதல் பந்தையே இடதுபக்கம் அடிச்சாரு, பந்து மூலைக்கு உருண்டு போச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணாவதா முதல் பேஸ்ல இருந்த ஹார்டியே ஓடி வந்து பிளேட்டுல சறுக்கி விழுந்து தொட்டாரு. 7க்கு 6. ஸ்டேடியமே அதிர்ந்துச்சு, சோரியா பிளேட்டுக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. டைகர்ஸ் மூணு ஆட்டமும் தோத்து வெளிய போனாங்க.

டெட்ராய்ட்காரங்க இன்னைக்கும் அந்த ஒரு பந்தைச் சொல்லித்தான் அவரை ஞாபகம் வச்சிருக்காங்க, அது எனக்கு வருத்தம்தான். க்ளோசர் வேலைல நாப்பது நல்ல ராத்திரி ஒண்ணு மாதிரியே இருக்கும், யாரும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க, கெட்ட ராத்திரி மட்டும் வீடியோவா சுத்தும். அடுத்த வருஷம் அதே டீம்ல க்ளோசரா திரும்ப நின்னாரு, 23 சேவ் எடுத்தாரு.

கேள்வி: வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சாரா? (தூத்துக்குடி வாசகர்)

இல்ல, மேஜர் லீக் ஃபைனலான அதுல ஆடவே வாய்ப்பு வரல. அதுலயும் ஒரு கொடுமை இருக்கு. அவரு விட்டுப் போன ராயல்ஸ் 2014ல ஃபைனல் வரைக்கும் போய் ஏழாவது ஆட்டத்துல தோத்து, 2015ல நியூயார்க் மெட்ஸை அடிச்சு சாம்பியன் ஆனாங்க, முப்பது வருஷத்துக்கு அப்புறம் வந்த கோப்பை. அதுவும் எதை வச்சு? புல்பென்னை வச்சு! ஹெரேரா, வேட் டேவிஸ், ஹாலண்ட்னு கடைசி மூணு இன்னிங்ஸைப் பூட்டுப் போட்ட டீம் அது. இவரு அப்ப பிட்ஸ்பர்க்ல. 2016ல திரும்ப கேன்சாஸ் சிட்டி வந்தப்போ அந்த அலை ஓஞ்சுபோச்சு. ரொம்பப் பக்கத்துல போனது 2018ல மில்வாக்கியோட, நேஷனல் லீக் ஃபைனல் ஏழாவது ஆட்டம் வரைக்கும் போய் டாட்ஜர்ஸ்கிட்ட தோத்தாங்க, சின்ன வயசுல இவரை வேண்டாம்னு விட்ட அதே டாட்ஜர்ஸ்.

கேள்வி: இவருக்கு முன்னாடி மெக்ஸிகோல பெரிய ரிலீஃப் பிட்சர் யாரும் இல்லையா சார்? (வேலூர் வாசகர்)

அவுரேலியோ லோபஸ்! பூவெப்லா மாநிலத்துல டெகமச்சால்கோங்கிற ஊருக்காரர், செனோர் ஸ்மோக்னு பேரு, பந்து போற வேகத்துக்குப் பின்னாடி புகைதான் தெரியுமாம். 1977ல டியாப்லோஸ் டீம்ல 19 வெற்றி, 30 சேவ் எடுத்து மெக்ஸிகன் லீக்லயே சிறந்த ஆட்டக்காரர், 1974ல ராயல்ஸுக்குக் கொஞ்ச ஆட்டம் மட்டும் போட்டிருந்தவரை அப்புறம்தான் அமெரிக்கா திரும்பக் கூப்பிட்டுச்சு, அப்ப வயசு முப்பதை நெருங்கிருச்சு. 1984ல டெட்ராய்ட் டைகர்ஸ் சாம்பியன் ஆனப்போ இவரு 10 வெற்றி, 1 தோல்வி, 14 சேவ். வேர்ல்ட் சீரிஸை முடிச்ச அஞ்சாவது ஆட்டத்துல ஒருத்தரைக்கூட பேஸுக்கு விடாம ரெண்டு இன்னிங்ஸ் சொச்சம் போட்டு வெற்றி பிட்சர் ஆனாரு.

ஒண்ணு கவனிங்க. லோபஸ் அந்த ஒரு சீசன்ல மட்டும் 137 இன்னிங்ஸுக்கு மேல போட்டாரு, எல்லாம் ரிலீஃப். சோரியா ஒரு வருஷத்துக்கு 65 பக்கம். அப்பெல்லாம் ரிலீஃப் பிட்சர் ஆறாவது இன்னிங்ஸ்ல வந்து ஒன்பது வரைக்கும் இழுப்பாரு, இப்ப ஒரு இன்னிங்ஸ்தான், ஆனா தினமும் தயாரா இருக்கணும். எது கஷ்டம்னு கேட்டா, உடம்புக்கு லோபஸ் பாத்த வேலை, நரம்புக்கு சோரியா பாத்த வேலை. லோபஸ் ஆட்டத்தை விட்டப்புறம் சொந்த ஊருக்கே மேயர் ஆனாரு. 1992ல ஒரு கார் விபத்துல போயிட்டாரு, அதுக்கு முந்தின நாள்தான் 44 வயசு முடிஞ்சிருந்துச்சு.

கேள்வி: சம்பளம் எவ்ளோ வாங்கினாரு? (கரூர் வாசகர்)

2008ல ராயல்ஸ் மூணு வருஷத்துக்கு 87.5 லட்சம் டாலர்னு ஒப்பந்தம் போட்டாங்க. அவரு போட்ட ஆட்டத்துக்கு அது ராயல்ஸுக்குத்தான் லாபம், ஆனா ஒரு தடவை கை போயி வேலை இழந்த ஆளு, கையில இருக்கிறதை உறுதி பண்ணிக்கிட்டது நியாயம்தான். 2016ல திரும்ப வந்தப்போ மூணு வருஷத்துக்கு 2.5 கோடி டாலர்.

கேள்வி: இப்ப மெக்ஸிகோல இருந்து யாரைப் பாக்கலாம்? சோரியா ரெக்கார்டை யாராவது தாண்டுவாங்களா? (தஞ்சாவூர் வாசகர்)

ரொபெர்ட்டோ ஓசுனா தாண்டிருவாருன்னு ஒரு காலத்துல எல்லாரும் நெனச்சோம். 20 வயசுல டொரோண்டோவுக்கு க்ளோசர் ஆனவரு, 155 சேவ் எடுத்தாரு. 2018ல குடும்ப வன்முறை விதியை மீறினதா லீக் அவருக்கு 75 ஆட்டம் தடை போட்டுச்சு, அது ஆட்டக் கணக்கை விடப் பெரிய விஷயம். இப்ப ஜப்பான்ல ஆடுறாரு.

நீங்க பாக்க வேண்டியது ஆந்த்ரெஸ் முன்யோஸ். சினலோவாவுல லோஸ் மோச்சிஸ் ஊரு, 1999ல பொறந்த பையன், சியாட்டில் மரினர்ஸ் க்ளோசர், 2024ல ஆல் ஸ்டார். இவருக்கும் 2020ல டாமி ஜான் ஆபரேஷன் ஆச்சு, இவரையும் முதல்ல வச்சிருந்து கைவிட்டது அதே பாட்ரேஸ்! ஆனா ஆட்டம் சோரியாவுக்கு நேர் எதிர், ஃபாஸ்ட் பால் 160 கிலோமீட்டரைத் தாண்டும், அதோட ஒரு ஸ்லைடர், பேட்ஸ்மேன் பேட்டை வீசி முடிக்கிறதுக்குள்ள பந்து கீழ போயிரும். 229ஐ எட்ட இன்னும் நிறைய வருஷம் முழங்கை தாங்கணும். மரினர்ஸ் ஆட்டம் நம்ம நேரத்துக்குக் காலையில ஏழு, எட்டு மணி வாக்குல ஆரம்பிக்கும், கடைசி இன்னிங்ஸ் வர பத்தரை ஆயிரும். லீவு நாளா பாத்து உக்காருங்க.